எழுபது பேர் போதும்



இந்த மாதம் வந்த கடிதங்களில் பள்ளிக்கூடத்தைப் பற்றியவைதான் அதிகம். சுங்கை சிப்புட் பக்கத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகன் படிக்கும் தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகளையும் சேர்த்து ஐம்பது பிள்ளைகள்கூட இல்லையாம். பார்க்கிற சொந்தக்காரர் எல்லாம், "டவுன் பள்ளிக்கு மாத்திடும்மா, அங்க என்ன இருக்கு?" என்கிறார்களாம். மாற்றலாமா, வேண்டாமா என்று நம்மைக் கேட்கிறார். அதே கட்டில் இன்னொரு கடிதம், ஈப்போ புந்தோங்கிலிருந்து ஓர் இளைஞர் எழுதியது. பிள்ளைகளே சட்டம் போட்டு நடத்தும் பள்ளிகள் வெளிநாட்டில் இருக்கின்றனவாமே, அதைப் பற்றி எழுதக் கூடாதா என்று கேட்டிருக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தபோது ஒருவருக்கு எழுதும் பதில் மற்றவருக்கும் ஆகும் என்று பட்டது. அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேராக்கில் 134 தமிழ்ப்பள்ளிகள். நாட்டிலேயே அதிகமான தமிழ்ப்பள்ளிகள் இருப்பது நம் மாநிலத்தில்தான். 150 பேருக்குக் குறைவாக இருந்தால் கல்வி அமைச்சின் கணக்கில் அது குறைந்த மாணவர் பள்ளி. நம் பள்ளிகளில் பாதிக்கும் மேல் அந்தக் கணக்கில் வருபவை. பெயர்ப் பலகையில் தோட்டத்தின் பெயர் இருக்கும், தோட்டம் இருக்காது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. சில இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்பு வந்துவிட்டது. லயத்து ஜனம் புந்தோங்கிலும் சிலிபினிலும் குனோங் ராப்பாட்டிலும் குடியேறிவிட்டது. பள்ளி மட்டும் இருந்த இடத்தில் இருந்துகொண்டு, காலையில் வேன் கொண்டுவந்து இறக்கும் பிள்ளைகளை நம்பி நடக்கிறது. இதைப் பற்றி நாம் பேசும்போதெல்லாம் நோயாளியைப் பற்றிப் பேசுகிற குரலில்தான் பேசுகிறோம். 'இன்னும் எத்தனை வருஷம் தாங்குமோ?'

இங்கிலாந்தின் கிழக்குக் கரையோரம், சஃபோக் வட்டாரத்தில் லெய்ஸ்டன் என்றொரு சிற்றூர். அங்கே சம்மர்ஹில் என்ற பள்ளி இருக்கிறது. உண்டு உறைந்து படிக்கும் பள்ளி. பிள்ளைகள் எண்ணிக்கை பெரும்பாலும் எழுபதைச் சுற்றியே இருந்துவந்திருக்கிறது. எழுபது பேர் குறைவு என்று அங்கே யாரும் வருந்துவதாகத் தெரியவில்லை.

தொடங்கியவர் ஏ.எஸ். நீல், ஸ்காட்லாந்துக்காரர். அப்பா கிராமத்துப் பள்ளி ஆசிரியர். நம் வாத்தியார்கள் கையில் ரோத்தான் இருந்த மாதிரி அந்த ஊர் ஆசிரியர்கள் கையில் தோல்வார் இருந்தது. நீலும் இளவயதில் தோல்வாரைப் பிடித்துப் பாடம் நடத்தியவர்தான். அது பிடிக்காமல்போய் வேறு வழி தேடி, 1921-இல் ஜெர்மனியில் டிரெஸ்டன் நகருக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். அது ஆஸ்திரியா போய், இங்கிலாந்துக்கு வந்து, 1927-இல் லெய்ஸ்டனில் நிலைத்தது. 1973-இல் அவர் இறந்தபின் மனைவி ஈனா நடத்தினார். 1985-இல் பொறுப்பு மகள் ஸோயியிடம் வந்தது.

அங்கே வகுப்புக்குப் போவது கட்டாயமில்லை. ஆசிரியர் இருப்பார், கால அட்டவணை இருக்கும். போவதும் போகாததும் பிள்ளையின் விருப்பம். கேட்டவுடன் நம்மில் பலருக்கு வயிற்றைக் கலக்கும். "அப்ப எவன்தான் படிப்பான்?" கண்டிப்பான பள்ளிகளிலிருந்து வந்து சேரும் பிள்ளைகள் மாதக்கணக்கில் வகுப்புப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டார்கள் என்பதை நீலே மறைக்காமல் எழுதியிருக்கிறார். பழைய பள்ளியின் மேல் எவ்வளவு வெறுப்போ அவ்வளவு காலம் ஆகுமாம். பிறகு தாமாக வந்து உட்காருவார்கள்.

சம்மர்ஹில் பற்றி எழுதுகிறவர்கள் இந்த வகுப்பு விஷயத்தோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அவர்களின் கூட்டம். பள்ளி முழுவதும் ஓர் அறையில் கூடும். தலைமை தாங்குவது ஒரு பிள்ளை. பேச நினைக்கிறவர் கையைத் தூக்கிவிட்டுத் தலைவர் கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டும், தலைமையாசிரியரானாலும் அப்படித்தான். ஆறு வயதுக்கும் ஒரு வாக்கு, அறுபது வயதுக்கும் ஒரு வாக்கு. நீல் கொண்டுவந்த தீர்மானங்கள் தோற்றுப்போனதும் உண்டு. பேசப்படும் விஷயங்கள் உலகப் பிரச்சினைகள் அல்ல. ஒருவன் மற்றவனுடைய சைக்கிளைக் கேட்காமல் எடுத்துப் போயிருப்பான். தூங்கும் நேரத்துக்குப் பிறகு மாடியில் யாரோ சத்தம் போட்டிருப்பார்கள். பெரியவன் ஒருவன் சின்னவனைச் சீண்டியிருப்பான். தண்டனையும் அதற்குத் தக்கபடிதான். சில்லறை அபராதம், இல்லையென்றால் சாப்பாட்டு வரிசையில் கடைசி இடம், அதுவும் இல்லையென்றால் அன்றைக்கு இனிப்பு கிடையாது.

இப்படிக் கூடிக் கூடிப் போட்ட சட்டங்கள் அங்கே நூற்றுக்கு மேல் இருக்கின்றன. சுதந்திரப் பள்ளி என்றால் சட்டமே இல்லாத இடம் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு இது ஆச்சரியமாக இருந்தது. நம் பள்ளிகளின் சபைக்கூடலில் வாசிக்கும் விதிகளைக் காட்டிலும் அங்கே விதிகள் அதிகம். யார் எந்த மரத்தில் ஏறலாம், எந்த வயதில் கத்தி வைத்துக்கொள்ளலாம் என்பதுவரை போகும். போட்டவர்கள் பிள்ளைகள் என்பதால் அடுத்த வாரமே மாற்றவும் முடியும்.

1999-இல் பிரிட்டிஷ் அரசாங்கத்தின் பள்ளி ஆய்வாளர்கள் வந்து பார்த்துவிட்டு, வகுப்புக்குப் போவதைக் கட்டாயமாக்க வேண்டும் என்ற கணக்கில் அறிக்கை கொடுத்தார்கள். கல்வி அமைச்சு நோட்டீஸ் அனுப்பியது. பள்ளி பணியவில்லை. 2000 மார்ச்சில் வழக்கு லண்டன் உயர்நீதிமன்றக் கட்டடத்தில் ஒரு தீர்ப்பாயத்தின் முன் வந்தது. சில நாட்களிலேயே அரசுத் தரப்பு சமரசத்துக்கு இறங்கி வந்தது. ஒப்பந்தத்தை ஏற்பதா வேண்டாமா என்று யார் முடிவு செய்வது? வந்திருந்த பிள்ளைகள் அந்த நீதிமன்ற அறையிலேயே தங்கள் கூட்டத்தைக் கூட்டினார்கள். விவாதித்து, வாக்கெடுத்து, ஏற்றுக்கொண்டார்கள். அமைச்சின் வழக்கறிஞர்கள் வெளியே காத்திருந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

அமெரிக்காவில் ஃபிரேமிங்ஹாம் என்ற ஊரில் 1968-இல் தொடங்கிய சட்பரி வேலி பள்ளி இன்னும் ஒரு படி மேலே போனது. ஆசிரியர் அடுத்த ஆண்டும் இருக்கலாமா என்பதையே ஆண்டுதோறும் பள்ளிக் கூட்டத்தில் வாக்கெடுத்து முடிவு செய்கிறார்கள். இதைப் படித்துவிட்டு நம் ஆசிரியர் நண்பர்கள் என்மேல் கோபப்பட வேண்டாம். நான் அதை இங்கே சிபாரிசு செய்யவில்லை.

சம்மர்ஹில்லில் கவனிக்க வேண்டியது அதன் அளவை. ஆயிரம் பேர் படிக்கிற இடத்தில் இப்படி ஒரு கூட்டம் நடத்த முடியாது. நடத்தினால் பத்துப் பேர் பேசுவார்கள், தொள்ளாயிரத்துத் தொண்ணூறு பேர் கைதட்டுவார்கள். ஐம்பது, எழுபது பேர் என்றால் எல்லாருக்கும் எல்லாரையும் பெயர் சொல்லித் தெரியும். கூச்சப்படுகிற பிள்ளையும் மூன்றாவது வாரத்தில் வாய் திறக்கும். அவர்கள் தேடிப்போய் அமைத்துக்கொண்ட அந்த அளவு நமக்குக் காலத்தின் போக்கில் தானாக வந்து வாய்த்திருக்கிறது. நாம் அதை வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருக்கிறோம்.

ஆனால் நமக்குச் சுதந்திரப் பள்ளி என்றாலே ஒரு பயம் இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்பதைப் பேசாமல் மேலே போக முடியாது.

தோட்டத்தில் பொழுது விடிவதற்கு முன்பே பெரட்டு. வரிசையில் நின்று பெயர் கூப்பிடக் கேட்டு, எந்த நிரை என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். கங்காணி சொன்னால் சொன்னதுதான். கிராணி எழுதினால் எழுதினதுதான். துரையிடம் நேரில் பேசிய தொழிலாளி அபூர்வம். வாய் திறந்தால் சீட்டுக் கிழியும். கைக்குழந்தைகள் ஆயாக் கொட்டகையில் இருக்கும், கொஞ்சம் வளர்ந்தவர்கள் பள்ளிக்கூடத்தில். அந்தப் பள்ளியும் தோட்டத்துடையதுதான். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் பள்ளி வைத்தாக வேண்டும் என்று 1912-இல் வந்த தொழிலாளர் சட்டம் சொன்னது. சட்டத்துக்குப் பயந்து பல நிர்வாகங்கள் ஒப்புக்கு ஒரு கொட்டகை போட்டன. ஓர் அறை, ஓர் ஆசிரியர், எல்லா வகுப்பும் ஒன்றாக. பிள்ளைகள் ஓரளவு எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டு மறுபடியும் அதே நிரைக்கு வந்தால் தோட்டத்துக்கு லாபம். பிள்ளை கேள்வி கேட்க வேண்டும் என்பது அந்தத் திட்டத்தில் எங்கேயும் இல்லை.

அந்த வட்டத்திலிருந்து வெளியே வர ஒரே ஒரு கதவுதான் இருந்தது: சோதனை. ஆறாம் ஆண்டில் தேறி, புகுமுக வகுப்பைத் தாண்டி, படிவம் ஐந்தை முடித்தவன் தப்பித்தான். "படிக்காட்டி பால்வாளி தூக்கணும்" என்ற வாக்கியத்தைக் கேட்காமல் வளர்ந்த தோட்டத்துப் பிள்ளை பேராக்கில் இருந்திருக்க முடியாது. நானும் கேட்டேன். அப்படிச் சொன்ன தாய்தகப்பனிடம் போய், "வகுப்புக்குப் போவதும் போகாததும் பிள்ளை விருப்பம்" என்று சொன்னால் நம்மைப் பைத்தியம் என்பார்கள். அவர்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. 1982-இல் டாக்டர் தம்பிராஜா பல்கலைக்கழக மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் வார இறுதி வகுப்புகளில் நம் பிள்ளைகளைச் சோதனைக்குத் தயார்ப்படுத்தியதும் அந்தப் பயத்தின் நியாயத்தை உணர்ந்துதான். அதனால் எத்தனை குடும்பங்கள் நிமிர்ந்தன என்பது நமக்குத் தெரியும்.

ஆனால் சோதனையால் தப்பித்தவர்களிடம் ஒரு குறை தங்கிவிட்டது. பெரட்டில் நின்ற பழக்கம் நம் சங்கக் கூட்டங்களிலும் தொடர்கிறது. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் முன்மொழிவார், இன்னொருவர் வழிமொழிவார், மற்றவர்கள் பசியாற எப்போது விடுவார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். மனதில் இருப்பது வாசலில், கார் பக்கத்தில் நின்றுதான் வெளியே வரும். வேறு சில கூட்டங்களில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசி, கடைசியில் நாற்காலி பறக்கும். மாற்றுக் கருத்துள்ளவன் பேசி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, வாக்கில் தோற்றால் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்குவதற்கு நமக்கு யார் பழக்கிக் கொடுத்தார்கள்?

கொடுத்தவர்கள் இல்லாமல் இல்லை. 1954-இல் அமைந்த தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கத்தின் கிளைக் கூட்டங்கள் கொடுத்தன. நம் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கமும் கொடுத்தது. தோட்டத் துண்டாடலில் வெள்ளைக்காரத் துரைமார் விற்றுவிட்டுப் போன நிலத்தைப் பாட்டாளிகள் மாதம் பத்து வெள்ளி போட்டுத் தாங்களே வாங்கிய கதை அது. முதல் தோட்டம் கெடாவில் புக்கிட் சீடிம். அந்தக் கதையில் பணத்தைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். எனக்குப் பிடித்தது வேறு விஷயம். பங்கு எத்தனை இருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்கு என்பது கூட்டுறவின் அடிப்படை. துரைமுன் தலைப்பாகையை அவிழ்த்து நின்ற ஒருவர் நாற்பது ஐம்பது வயதில் உறுப்பினராகக் கை தூக்கினார். அதற்கு அத்தனை வயதுவரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கூடிப் பேசி விதி செய்வது பிள்ளைகளுக்கு இயல்பாகவே வருகிறது என்பதற்குத் தோட்டத்தில் வளர்ந்தவர்கள் வெளியே சாட்சி தேட வேண்டாம். ரப்பர் கொட்டை விளையாட்டை நினைத்துப் பாருங்கள். வெயில் காலத்தில் காய் பட்டென்று வெடித்துக் கொட்டை சிதறும். பொறுக்கி வந்து, இரண்டை ஒன்றின்மேல் ஒன்று வைத்துக் கையால் ஓங்கிக் குத்துவோம். எது உடைகிறதோ அதன் சொந்தக்காரன் தோற்றான். எங்கள் வட்டத்தில் ஒருவனுடைய கொட்டை மட்டும் உடையவே உடையாது. ஏதோ வேலை செய்து கொண்டுவருகிறான் என்று சந்தேகம். ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கொட்டையைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தோம். குறை எதுவும் தெரியவில்லை. "இனிமே அவனவன் கொண்டாந்ததை வெச்சு ஆடக் கூடாது, கீழ கிடக்கிறதை அப்பப்பப் பொறுக்கித்தான் ஆடணும்" என்று எங்களில் சின்னவன் ஒருவன் சொன்னான். எல்லாரும் ஒத்துக்கொண்டோம், சந்தேகத்துக்கு ஆளானவன் உட்பட. அடுத்த நாள் அதே பிள்ளைகள் வகுப்பில் கைகட்டி வாய்பொத்தி உட்கார்ந்திருந்தோம்.

இங்கே ஒருவர் குறுக்கிடுவார். சம்மர்ஹில் கட்டணம் வாங்கும் பள்ளி, வசதி உள்ளவன் பிள்ளைக்கு எதுவும் சரிவரும், நமக்கு எப்படி? கேள்வி சரியானது. பதிலை ஏழை ஊர்களில் தேட வேண்டும்.

ராஜஸ்தானில் திலோனியா என்ற ஊர். பங்கர் ராய் அமைத்த பேர்ஃபுட் கல்லூரி 1975 முதல் அந்த வட்டாரக் கிராமங்களில் இராப்பள்ளிகள் நடத்திவருகிறது. பகலெல்லாம் ஆடு மாடு மேய்க்கும் பிள்ளைகள் இருட்டியபின் விளக்கு வெளிச்சத்தில் படிக்க வருகிறார்கள். 1993-இல் அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு நாடாளுமன்றம் அமைந்தது. இராப்பள்ளிப் பிள்ளைகள் வாக்களித்து உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பிரதமர் உண்டு, அமைச்சர்கள் உண்டு. வாத்தியார் ஒழுங்காக வருகிறாரா, விளக்கு எரிகிறதா, குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பது அவர்கள் வேலை. வராத வாத்தியாரைப் பற்றிப் பெரியவர்களிடம் முறையிடுவார்கள். பெரியவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். பகலில் ஆட்டை விரட்டிய ஒரு பெண்பிள்ளை ராத்திரியில் பிரதமராக இருப்பாள்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் எட்வின் எம். ஜான் என்ற பாதிரியார் முன்னின்று வளர்த்த அக்கம்பக்கக் குழந்தைகள் பாராளுமன்றமும் அந்த மாதிரிதான். முப்பது வீடு அளவுக்கு ஒரு மன்றம். சின்னதாக இருந்தால்தான் எல்லாரும் பேச முடியும் என்பதில் அவர் விடாப்பிடியாக இருந்தார். தெருவிளக்கு, குப்பை, பள்ளியை விட்டு நின்றுபோன பிள்ளை என்று அவர்களுக்கும் வேலை இருக்கிறது. தர்மபுரி மாவட்டம் நாகர்கூடலில் மீனாட்சி உமேஷ் நடத்தும் புவிதம் பள்ளியில் படிப்பவர்களில் பிழைப்புக்கு வெளியூர் போகும் கூலிக்காரர்களின் பிள்ளைகளும் உண்டு. மண்ணிலும் தோட்டத்திலும் சமையலிலும் பாடம் நடக்கிறது.

இவற்றுக்கெல்லாம் முன்னோடி என்று நான் நினைப்பவர் போலந்து நாட்டு மருத்துவர் யானுஷ் கோர்ச்சாக். 1912-இல், அதாவது நமக்குத் தோட்டப் பள்ளிச் சட்டம் வந்த அதே ஆண்டில், வார்சாவில் யூத அநாதைப் பிள்ளைகளுக்கு ஓர் இல்லம் திறந்தார். அங்கே பிள்ளைகளே நீதிபதிகளாக இருந்த ஒரு நீதிமன்றம் நடந்தது. அதன் சட்டப் புத்தகத்தில் முதல் தொண்ணூற்றொன்பது விதிகளும் மன்னிப்பு விதிகள். நூறிலிருந்துதான் குற்றம் என்ற பேச்சே தொடங்கும். யார் வேண்டுமானாலும் யார்மேலும் வழக்குப் போடலாம். கோர்ச்சாக் அரை ஆண்டுக்குள் ஐந்து முறை தன்மேல் தானே வழக்குக் கொடுத்தார். ஒரு பையனின் காதில் அறைந்ததற்கு ஒன்று, ஒருவனைப் படுக்கையறையிலிருந்து வெளியே தள்ளியதற்கு ஒன்று, ஒரு பெண்பிள்ளை திருடியதாகச் சந்தேகப்பட்டதற்கு ஒன்று. நம் பள்ளிக் கட்டொழுங்கு ஆசிரியர் ஒருவர் தன் பெயரைத் தானே எழுதிக் கொடுத்து, மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் முன்னால் நிற்பதை நினைத்துப் பாருங்கள்.

எல்லாம் சுமுகமாக நடக்கவில்லை. பிள்ளைகள் சிலர் நீதிமன்றத்தைப் பழிவாங்கப் பயன்படுத்தினார்கள். கோர்ச்சாக் அதைச் சில வாரங்கள் நிறுத்திவைத்து, விதிகளைத் திருத்தி மறுபடி தொடங்கினார். பிள்ளைகள் என்றாலே தெய்வம் என்று எழுதுகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பிள்ளைகளும் கட்சி கட்டுவார்கள், ஒருவனை ஒதுக்குவார்கள். அதைக் கண்டவுடன் கடையை மூடாமல் திருத்திக்கொண்டு தொடர்ந்ததால்தான் அவர் பெரிய மனிதர். 1942 ஆகஸ்டில் நாஜிகள் அந்தப் பிள்ளைகளைத் திரெப்ளிங்கா கொலைக்களத்துக்குக் கொண்டுபோனபோது, தப்பிக்க வாய்ப்பு இருந்தும் அவரும் கூடவே போனார்.

நம் ஈப்போவுக்கும் இந்தச் சரித்திரத்தில் ஒரு சின்னப் பங்கு உண்டு. 1927-இல் தாகூர் மலாயாவுக்கு வந்தார். சிங்கப்பூரில் இறங்கி, மலாக்கா, கோலாலம்பூர், ஈப்போ, தைப்பிங் வழியாகப் பினாங்குவரை போனார். தம் விசுவபாரதி பல்கலைக்கழகத்துக்கு நிதி திரட்டுவதும் அந்தப் பயணத்தின் நோக்கங்களில் ஒன்று. மரத்தடியில் பாடம் நடக்கும் அவருடைய சாந்திநிகேதனைப் பற்றி எல்லாருக்கும் தெரியும். 1901-இல் தொடங்கிய அந்த ஆசிரமப் பள்ளியில் மாணவர்களே தங்கள் விவகாரங்களைத் தீர்த்துக்கொள்ளும் விசாரணைச் சபை ஒன்று இருந்தது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.   தாகூருக்கு மலாயாவில் திரண்ட நிதியும் மாலையும் செய்தியாகின. அவர் பள்ளியின் விசாரணைச் சபையை மட்டும் நம் தோட்டப் பள்ளிக்குள் கொண்டுவர யாருக்கும் தோன்றவில்லை.

சரி, இன்றைக்கு என்ன செய்யலாம்?

பள்ளியைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்று தொடங்குவது நம்மால் ஆகாது. 2003 முதல் தொடக்கக் கல்வி கட்டாயம். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்காத பெற்றோருக்கு 5,000 ரிங்கிட்வரை அபராதம், ஆறு மாதம்வரை சிறை என்று சட்டம் சொல்கிறது. அந்தச் சட்டம் வேண்டியதுதான். அது இல்லாத காலத்தில் தோட்டத்தில் எத்தனை பெண்பிள்ளைகள் தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டு வீட்டில் நின்றுவிட்டார்கள் என்பது நமக்குத் தெரியும். ஆனால் இருக்கிற பள்ளிக்குள்ளேயே இடம் கொஞ்சம் விரிந்திருக்கிறது. 2021-இல் யு.பி.எஸ்.ஆர். சோதனை நின்றது, அடுத்த ஆண்டு பி.டி.3 சோதனை நின்றது. வகுப்புசார் மதிப்பீடு வந்தது. பிள்ளையின் குரலுக்குச் செவிசாய்க்க வேண்டும் என்று சொல்லும் குழந்தை உரிமை உடன்படிக்கையில் மலேசியா 1995-இல் இணைந்தது. கருத்துச் சொல்லும் உரிமைக்கும் கூடிப் பேசும் உரிமைக்கும் அப்போது போட்ட தடைக்குறிப்புகளையும் 2010-இல் விலக்கிக்கொண்டது. ஆகவே பிள்ளைகளைப் பேசவிடுவது யாருக்கும் எதிரான காரியம் ஆகாது.

நான் கேட்பது வாரத்தில் அரை மணி நேரம். வெள்ளிக்கிழமை சபைக்கூடலுக்கோ புறப்பாட நேரத்துக்கோ பதிலாக, ஐம்பது பேரும் வட்டமாகத் தரையில் உட்காரட்டும். ஒரு பிள்ளை தலைமை, ஒரு பிள்ளை குறிப்பெழுத. ஆசிரியர்களும் வட்டத்தில், தரையில், கையைத் தூக்கிப் பேசும் உரிமையோடு. எது பிள்ளைகள் முடிவு, எது அவர்கள் கையில் இல்லை என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். பாடத்திட்டம் அமைச்சுடையது, பாதுகாப்பு பெரியவர்களுடையது. திடலை ஓய்வு நேரத்தில் யார் பயன்படுத்துவது, நூலகம் எப்போது திறந்திருக்க வேண்டும், கழிப்பறையை அசுத்தப்படுத்துகிறவனை என்ன செய்வது, சிற்றுண்டிச்சாலை வரிசையில் சின்னப் பிள்ளைகளுக்கு முதலிடமா, இவையெல்லாம் அவர்களுடையது. நூலகத்தைப் பற்றிப் பிள்ளைகள் முடிவெடுத்தால் அதன்படி நூலகம் திறக்க வேண்டும். முடிவை முன்பே எழுதி வைத்துக்கொண்டு, "என்ன பிள்ளைங்களா, சரிதானே?" என்று கேட்டு, "சரிங்க டீச்சர்!" என்று கோரஸாகச் சொல்லவைப்பதானால் கூட்டமே வேண்டாம். அந்த நாடகத்தைப் பிள்ளைகள் ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள், பிறகு பெரியவர்களானதும் அதையே நடத்துவார்கள்.

ஆசிரியர்களுக்கு இருக்கும் சுமை எனக்குத் தெரியாமல் இல்லை. பாதி நேரம் இணையத்தில் தரவு நிரப்புவதிலேயே போகிறது. பிள்ளைகள் முப்பதுக்கும் குறைந்து வகுப்புகளைக் கூட்டு வகுப்பாகச் சேர்த்துவிட்ட பள்ளிகளில் ஒருவரே இரண்டு ஆண்டுப் பிள்ளைகளுக்கும் பாடம் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனால் அதையே ஒரு முறையாக வளர்த்தவர்கள் இருக்கிறார்கள். ஆந்திராவில் ஜே. கிருஷ்ணமூர்த்தி நிறுவிய ரிஷிவேலிப் பள்ளியைச் சுற்றியுள்ள ஓராசிரியர் பள்ளிகளில் பத்மநாப ராவ், ரமா இருவரும் அட்டைகளைக் கொண்டு ஒரு படிக்கட்டு அமைத்தார்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் படியில் நின்று தன் வேகத்தில் ஏறும். பெரிய பிள்ளை சின்னதுக்குச் சொல்லிக்கொடுக்கும். எல்லா வயதும் ஓர் அறையில் இருப்பதால்தான் அது நடக்கிறது. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளுக்கும், பிறகு தமிழ்நாடு முழுவதற்கும் செயல்வழிக் கற்றல் என்ற பெயரில் போனது இந்த முறைதான். மாநிலம் முழுக்க ஒரே உத்தரவில் போனதால் பல இடங்களில் அட்டை போய்ச் சேர்ந்தது, ஆசிரியர் மனம் போய்ச் சேரவில்லை என்பது என் எண்ணம். மேலிருந்து உத்தரவாக வரும் சுதந்திரத்துக்கு அந்தச் சங்கடம் உண்டு. அதனால்தான் இதை அமைச்சுக்கு மனுவாக எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். ஒரு தலைமையாசிரியரும் நான்கு பெற்றோரும் மனம் வைத்தால் அடுத்த வெள்ளிக்கிழமையே தொடங்கிவிடலாம்.

சுங்கை சிப்புட் சகோதரிக்கு: மாற்றாதீர்கள் என்பதுதான் என் பதில், ஒரு நிபந்தனையோடு. ஒருநாள் பள்ளிக்குப் போய், உங்கள் மகனுக்கு அங்குள்ள எல்லாப் பிள்ளைகளின் பெயரும் தெரிகிறதா, தலைமையாசிரியருக்கு அவன் பெயரோடு அவன் சங்கடமும் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் டவுன் பள்ளியில் கிடைக்காத ஒன்று அவனுக்குக் கிடைத்திருக்கிறது. தெரியாவிட்டால், ஐம்பது பேர் உள்ள பள்ளியில் அதுகூட நடக்காவிட்டால், சொந்தக்காரர்கள் சொல்வதை நீங்கள் யோசிக்க வேண்டியதுதான். புந்தோங் தம்பிக்கு: நீங்கள் கேட்ட கட்டுரை இதுவேதான். நீல் 1960-இல் வெளியிட்ட 'சம்மர்ஹில்' நூலை முடிந்தால் தேடிப் படியுங்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்ட வேண்டாம். நானும் பாதி இடங்களில் அவரோடு சண்டை போட்டுக்கொண்டுதான் படித்தேன்.

அடுத்த இதழிலிருந்து இரண்டு பக்கங்களைப் பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு ஒதுக்குகிறோம். முதல் கேள்வி: உங்கள் பள்ளியில் ஒரு விதியை மாற்றலாம் என்றால் எதை மாற்றுவீர்கள், அதற்குப் பதிலாக எதை வைப்பீர்கள்? பக்க அளவு கிடையாது. பெயர் போட விருப்பமில்லாதவர்கள் ஊரை மட்டும் எழுதினால் போதும். எழுத்துப்பிழையோடு வந்தால் பிழையோடுதான் அச்சாகும். ஆசிரியர்களும் பெற்றோரும் திருத்தி அனுப்ப வேண்டாம். அப்பா சொல்லச் சொல்ல எழுதிய கடிதத்தை முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவோம் என்பதையும் அப்பாமார்களுக்குச் சொல்லிவைக்கிறேன். வந்த கடிதங்களில் எவற்றை வெளியிடுவது என்பதைத் தேர்ந்தெடுக்க ஈப்போவிலும் செமோரிலும் இருந்து ஆறு பிள்ளைகள் நம் அலுவலகத்துக்கு வரச் சம்மதித்திருக்கிறார்கள். எனக்கும் அங்கே ஒரு வாக்கு கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்கிறோம் என்றிருக்கிறார்கள்.

அன்புடன்,
ஆசிரியர்